அம்மாவின் அரக்குப் பட்டு ஸ்கேனில் கத்தரிப்பூ நிறமானது ஏன்? பழைய படங்களின் நிறமும் தரமும்

மஞ்சக்குப்பம் மகள் | சனி, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். 1981ஆம் ஆண்டு ஆவணியில் திருப்பாதிரிப்புலியூரில் நடந்த என் பெற்றோரின் திருமண ஆல்பம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் கறுப்பு வெள்ளைப் படங்கள் முப்பத்தாறும் வண்ணப் படங்கள் பதினாறும் உள்ளன. வண்ணப் பிலிமை மதராஸுக்கு அனுப்பிக் கழுவி வாங்கியதாக அப்பா சொல்வார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது எங்கள் ஓட்டு வீட்டின் பாதிக் கூரை போய்விட்டது. ஆல்பம் தகரப் பெட்டிக்குள் இருந்ததால் மட்டுமே தப்பியது. அந்த நாளிலிருந்து இவற்றை ஸ்கேன் செய்து வைக்க வேண்டும் என்று நினைத்து, பத்து ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போட்டு, சென்ற வாரம்தான் ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன்.

கடைக்காரர் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்ததாகச் சொல்லிப் பென்டிரைவில் கொடுத்தார். அம்மாவிடம் கைபேசியில் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது யார் புடவை?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அந்தக் கூறைப்புடவை இன்னும் பீரோவில் இருக்கிறது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, அரக்கு முந்தானை. கடைக்காரர் கொடுத்த படத்தில் அரக்கு கத்தரிப்பூ நிறமாகவும், மஞ்சள் வெளுத்த எலுமிச்சையாகவும் தெரிகிறது. அப்பாவின் வேட்டியில் ஒரு மடிப்புகூட இல்லை; வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. இருவர் முகமும் சாம்பல் பூசியது போலாகிவிட்டது. ஆல்பத்தில் உள்ள படம் சற்றுச் சிவந்து போயிருப்பது உண்மைதான். ஆனால் அதில் உயிர் இருக்கிறது.

1200 டிபிஐ என்பது மிக உயர்ந்த தரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவ்வளவு உயர்ந்த அளவில் எடுத்தும் இப்படி ஆவதற்குக் காரணம் ஸ்கேனரா, கடைக்காரரா, அல்லது படமே கெட்டுவிட்டதா?

அச்சு மை | சனி, இரவு 10.25

அம்மா, நான் புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அச்சுக்கு முந்தைய பிரிவில் வேலை. எதையும் ஊகித்துச் சொல்வதற்கு முன் மூன்று விவரங்கள் தேவை. ஆல்பத்தில் உள்ள படத்தின் நீள அகலம் எத்தனை அங்குலம்? பென்டிரைவில் உள்ள கோப்பு எத்தனை பிக்சல், எத்தனை மெகாபைட்? கோப்பின் வகை சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கா, விவரத்தை இழக்காமல் சேமிக்கும் டிஃபா?

மஞ்சக்குப்பம் மகள் | சனி, இரவு 10.50

மூன்றரைக்கு ஐந்து அங்குலம். 4200க்கு 6000 பிக்சல். ஜேபெக் கோப்பு, 1.5 மெகாபைட். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: "ஆட்டோ கரெக்‌ஷன் போட்டுத்தான் கொடுத்திருக்கிறேன், பளிச்சென்று இருக்கும்" என்று கடையில் பெருமையாகச் சொன்னார்கள்.

அச்சு மை | சனி, இரவு 11.40

உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த எண்களிலேயே இருக்கிறது.

4200ஐ 6000ஆல் பெருக்கினால் இரண்டு கோடியே ஐம்பத்திரண்டு லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் வேண்டும் என்பதால், சுருக்காமல் வைத்தால் கோப்பு ஏறத்தாழ 75 மெகாபைட் இருக்கும். உங்களிடம் வந்திருப்பது 1.5 மெகாபைட், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. ஜேபெக் என்பது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாது என்று அது கருதும் நுணுக்கங்களைத் தூக்கி எறிந்து சுருக்கும் முறை. மிதமாகச் சுருக்கினால் யாருக்கும் வேறுபாடு தெரியாது. ஐம்பது மடங்கு என்றால் தெரியும். அதிலும் ஒளி இருளைக் காக்கும் அளவுக்கு அது நிறத்தைக் காப்பதில்லை. பெரும்பாலான நேரங்களில் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்தே சேமிக்கிறது. ஆகவே அரக்குக் கரைக்கும் ஜரிகைக்கும் இடையே உள்ள கோட்டைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு நிறம் மற்றொன்றுக்குள் கசிந்திருக்கும்.

இனி 1200 டிபிஐ. ஓர் அங்குலத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்து அளக்கிறோம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது; நிறத்தைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. அக்காலத்துப் பிரிண்ட் தாளில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்கு மேல் பிரித்தெடுக்கக்கூடிய விவரம் பொதுவாக இருப்பதில்லை. 600 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டருக்கு இருபத்துமூன்று புள்ளிகளுக்கு மேல் வருகின்றன, அதுவே தாராளம். அதற்கு மேல் போனால் காகிதத்தின் நாரையும் தூசியையும் துல்லியமாகப் பதிவு செய்துகொண்டிருப்போம். சில ஸ்கேனர்கள் பெட்டியின் மேல் 9600, 19200 என்று எழுதியிருக்கும்; ஒளியியல் அளவு என்று தனியாகக் குறித்திருப்பதை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும், மீதியெல்லாம் இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் கற்பனையாக நிரப்புபவை. எங்கள் அச்சகத்துக்கு வரும் வாடிக்கையாளர்களில் பத்தில் எட்டுப் பேர் முதலில் டிபிஐயைத்தான் கேட்பார்கள். நிறத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

நிறம் மாறியதற்கான காரணம் அந்த ஆட்டோ கரெக்‌ஷன்தான் என்பது என் கணிப்பு. அது குறித்து முத்தியால்பேட்டை ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

முத்தியால்பேட்டை இருட்டறை | ஞாயிறு, காலை 6.15

நான் 1974 முதல் ஸ்டூடியோவில் இருந்தவன். இருட்டறையிலேயே முடி நரைத்தவன். ஆட்டோ கரெக்‌ஷனைத் திட்டுவதற்கு முன், படம் ஏன் சிவந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்ணப் பிரிண்டில் வெள்ளி கிடையாது. கழுவும்போதே வெள்ளியை நீக்கிவிடுகிறோம். மிஞ்சுவது மூன்று சாயங்கள்: மஞ்சள், மெஜந்தா, சயான் என்னும் பசுநீலம். 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் வந்த தாள்களில், இருட்டில் பத்திரமாக மூடி வைத்திருந்தாலும், முதலில் தளர்வது பசுநீலம். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இரண்டுக்கும் பஞ்சமில்லை. பசுநீலத்தின் வேலை சிவப்பு ஒளியை விழுங்குவது. விழுங்குபவன் ஓடிப்போனால் சிவப்பு மட்டும் எதிரொளித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தக் காலத்து ஆல்பங்கள் எல்லாம் செம்மண் படிந்தது போல் காட்சி தருகின்றன. சுவரில் வெயில் படும்படி மாட்டிய படத்தில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மெஜந்தா முதலில் வெளுக்கும். ஒரே நாளில், ஒரே பிலிமிலிருந்து போட்ட இரண்டு பிரிண்டுகளில் ஆல்பத்தில் இருந்தது சிவந்தும் சுவரில் இருந்தது பச்சை பாய்ந்தும் போனதை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த மென்பொருளின் இடத்தில் இருந்து பாருங்கள். அதற்குக் கல்யாணமும் தெரியாது, கூறைப்புடவையும் தெரியாது. ஒரு படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் ஏறத்தாழ நடுச்சாம்பல் வர வேண்டும், எல்லாவற்றிலும் வெளிறிய இடம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற இரண்டு அனுமானங்கள்தான் அதன் கையில் உள்ளன. மணவறையில் வாழை, மாவிலை தவிர எல்லாமே சிவப்பும் மஞ்சளும்தான். போதாக்குறைக்குப் பிரிண்டும் சிவந்திருக்கிறது. "சிவப்பும் மஞ்சளும் மிகுந்துவிட்டன" என்று முடிவு செய்து, அது படம் முழுவதிலும் பசுநீலத்தையும் நீலத்தையும் ஏற்றிவிட்டது. அரக்கோடு நீலம் சேர்ந்தால் கத்தரிப்பூ. மஞ்சளோடு சேர்ந்தால் எலுமிச்சை. மனிதத் தோலோடு சேர்ந்தால் சாம்பல். நீங்கள் எழுதிய மூன்றும் அப்படியே பொருந்துகின்றன.

வேட்டி மடிப்பு போனது அடுத்த கூத்து. பளிச்சென்று காட்ட வேண்டும் என்பதற்காக, வெளிறிய பகுதிகளை எல்லாம் அது உச்ச வெள்ளைக்குத் தள்ளிவிட்டது. பிரிண்டில் வேட்டியின் மடிப்புகள் மிக மெல்லிய வேறுபாடுகளாக இருக்கும். அவை அனைத்தும் உச்ச வெள்ளையைக் குறிக்கும் 255 என்ற ஒரே எண்ணாகப் பதிவான பிறகு, எந்த வித்தகராலும் அந்தக் கோப்பிலிருந்து மடிப்பை மீட்க முடியாது. படம் கெடவில்லை அம்மா, கோப்புதான் கெட்டது. பிரிண்ட் உங்களிடம் பத்திரமாக இருக்கிறதல்லவா, மறுபடியும் ஸ்கேன் செய்யுங்கள்.

லாஸ்பேட்டை நிழல் | ஞாயிறு, காலை 9.30

மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஸ்கேனர் எதற்கு என்பதே என் கேள்வி. இப்போது நல்ல கைபேசிகளில் ஐம்பது மெகாபிக்சல் இருக்கிறது. நான் என் பாட்டியின் ஆல்பம் முழுவதையும் ஒரே மாலையில் கைபேசியில் எடுத்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். பக்கங்கள் கெட்டியான கறுப்பு அட்டையால் ஆனவை, படங்கள் பசை போட்டு ஒட்டியவை. ஸ்கேனரில் வைத்து மூடியிருந்தால் ஆல்பத்தின் முதுகே உடைந்திருக்கும்.

அச்சு மை | ஞாயிறு, காலை 11.05

தம்பி, ஆல்பத்தின் முதுகைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. ஒட்டிய படத்தைப் பிரிக்க முயல்வதைவிடக் கேமராவில் எடுப்பதே நல்லது. ஆவணக் காப்பகங்களிலும் கட்டு பிரிக்கக் கூடாதவற்றைக் கேமராவால்தான் பதிவு செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கேமராவை ஒரு தாங்கியில் செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பொருத்தி, இரு பக்கமும் நாற்பத்தைந்து பாகையில் ஒரே வகை விளக்குகளை வைத்து, ஒளியளவையும், வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிக்கட்டும் வெள்ளைச் சமநிலையையும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை மாற்றாமல் பூட்டிவிடுகிறார்கள்.

கைபேசி அப்படிச் செய்வதில்லை என்பதுதான் சிக்கல். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அது பல படங்களை எடுத்துக் கலந்து, நிழலைத் தூக்கி, முகம் தென்பட்டால் தோலை வழவழப்பாக்கி, விளிம்புகளைக் கூராக்கித் தருகிறது. அடுத்த பக்கத்துக்குப் போனதும் வேறு கணக்குப் போடுகிறது. உங்கள் பாட்டியின் ஒரே புடவை மூன்று பக்கங்களில் மூன்று நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மேலும் வீட்டின் குழல் விளக்கில் எடுத்தீர்களா, சன்னல் வெளிச்சத்தில் எடுத்தீர்களா?

லாஸ்பேட்டை நிழல் | ஞாயிறு, காலை 11.50

பார்த்தேன். மூன்று நிறமில்லை, இரண்டு. விளக்கு மாலை ஆறு மணிக்குப் போட்டது. அதற்கு முன் சன்னல், பின் குழல் விளக்கு. ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஸ்கேனர் வாங்கும் எண்ணம் இன்னும் வரவில்லை; கேமராவை, எதையும் திருத்தாமல் பதியும் ரா வடிவில் வைத்து, வெள்ளைச் சமநிலையைப் பூட்டி மீண்டும் எடுத்துப் பார்க்கிறேன்.

மஞ்சக்குப்பம் மகள் | ஞாயிறு, மதியம் 2.20

விளக்கங்களுக்கு நன்றி. ஒரு சந்தேகம். புடவை கையில் இருப்பதால், ஸ்கேன் செய்த பிறகு திரையில் உள்ள நிறத்தைப் புடவையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகும் வரை திருத்தலாம் அல்லவா? அம்மாவுக்கு அதுதான் வேண்டும்.

அச்சு மை | ஞாயிறு, மாலை 4.45

இந்தக் கேள்வியில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பவை மூன்று அரக்குகள். முதலாவது பீரோவில் இருக்கும் பட்டு. இரண்டாவது, 1981இல் மதராஸிலிருந்து வந்த அன்று அந்தப் பிரிண்டில் இருந்த அரக்கு. மூன்றாவது, இன்று அந்தப் பிரிண்டில் மிஞ்சியிருக்கும் அரக்கு. முதலாவதும் இரண்டாவதும் என்றுமே ஒன்றாக இருந்ததில்லை. பிலிம் தன் இயல்புக்கு ஏற்ப ஒரு நிறத்தைப் பதிந்தது, பிளாஷ் தன் பங்குக்கு மாற்றியது, லேபில் பிரிண்ட் போட்டவர் தன் கண்ணுக்குச் சரியென்று பட்ட வடிகட்டியைப் போட்டார். பட்டில் உள்ள சாயமும் தாளில் உள்ள சாயமும் வெவ்வேறு பொருள்கள் என்பதால், சன்னல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டும் குழல் விளக்கின்கீழ் பிரிந்து நிற்கும். புடவைக் கடையில் எடுத்த ரவிக்கைத் துணி வீட்டுக்கு வந்ததும் பொருந்தாமல் போவது உங்களுக்குத் தெரிந்ததுதானே, அதே கதை.

ஸ்கேனர் பதிவு செய்யக்கூடியது மூன்றாவது அரக்கை மட்டுமே. அதை உள்ளபடி, சிவப்பேறிய நிலையிலேயே, எதையும் திருத்தாமல் பதிவு செய்து தனியாக வைத்துவிடுங்கள், அது மூலம். அதன் நகலில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவதை நோக்கி நடக்கலாம். புடவை வழிகாட்டியாக இருக்கட்டும், இலக்காக வேண்டாம். புடவைக்கு ஏற்ப முழுப் படத்தையும் இழுத்தால் அம்மாவின் முகம் எங்கேயோ போய்விடும்.

மூலத்தை எடுக்கும் முறை: ஸ்கேனர் மென்பொருளில் வீட்டுமுறை, எளிய முறை என்று வரும் பக்கத்தை விட்டு, தொழில்முறைப் பக்கத்துக்குப் போங்கள். தானியங்கி ஒளியளவு, நிற மீட்பு, கூராக்கல், தூசி நீக்கம் என்று டிக் போட்டிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 600 டிபிஐ, 48 பிட் வண்ணம், டிஃப் வடிவம். கோப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 38 மெகாபைட் வரும். பதினாறு படத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

48 பிட் என்பது ஆடம்பரம் அன்று. சாதாரண 24 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 48 பிட்டில் 65,536. உங்கள் பிரிண்டில் பசுநீலம் தளர்ந்துவிட்டதால் சிவப்புச் சேனலில், அதாவது கோப்பில் சிவப்பு ஒளியின் அளவை மட்டும் பதியும் அடுக்கில், இருண்ட பகுதிகளே இல்லை. இருளிலிருந்து வெளிச்சம் வரை எந்தப் படியில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் அதன் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் மேடு முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கி, இடப்பக்கம் காலியாகக் கிடக்கும். 256 படிகளில் நூறோ நூற்றிருபதோதான் பயன்பட்டிருக்கும். திருத்தம் என்பது அந்த மேட்டை இழுத்து முழு அகலத்துக்கும் பரப்புவது. நூறு படிகளை இழுத்தால் நடுவே இடைவெளிகள் விழுந்து, மணவறைத் திரைச்சீலையில் நிறம் வழுவழுவென்று மாறாமல் பட்டை பட்டையாக நிற்கும். 65,536 படிகளில் எடுத்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் கண்ணுக்குப் பட்டை தெரியாது.

இலவச மென்பொருளான கிம்ப் 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்தே இந்தப் படிகளைக் கையாள்கிறது. அதில் லெவல்ஸ் பகுதியைத் திறந்து, சிவப்புச் சேனலை மட்டும் தேர்ந்து, இடக்கோடியில் உள்ள கறுப்பு முக்கோணத்தை மேடு தொடங்கும் இடம் வரை மெல்ல நகர்த்துங்கள். அப்பாவின் தலைமுடியைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். செம்பட்டையாக இருக்கும் முடி கறுப்பாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பிறகு பச்சை, பிறகு நீலம். தலைமுடியும் வேட்டியும் சரியாக வந்தால் புடவை தானாகவே பெரும்பகுதி வந்துவிடும்.

கடைசியாக, அம்மாவிடம் கைபேசியில் காட்டாதீர்கள். பல கைபேசிகளின் திரை, வாங்கும்போதே நிறங்களை மிகைப்படுத்தும் 'விவிட்' நிலையில் இருக்கிறது. அமைப்பில் அதை 'நேச்சுரல்' என்று மாற்றலாம். கோப்பைச் சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற நிற விவரக்குறிப்பை உள்ளே பொதிந்து சேமியுங்கள்; 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் திரைகளுக்காக உருவாக்கிய அந்தப் பொது அளவுகோல் இல்லாவிட்டால் ஒவ்வொரு திரையும் எண்களைத் தன் விருப்பப்படி படிக்கும். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கிவிடும்.

மஞ்சக்குப்பம் மகள் | திங்கள், இரவு 8.30

பக்கத்துத் தெருவில் உள்ள உறவினரிடம் ஒரு பழைய ஸ்கேனர் இருந்தது, வாங்கி வந்திருக்கிறேன். கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகத் தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் படங்களைச் சாம்பல் நிற முறையில் எடுத்தால் போதும்தானே? அவற்றில் சில பழுப்பேறிவிட்டன, ஒன்றின் மூலையில் ஸ்டூடியோவின் நீல முத்திரை குத்தியிருக்கிறது, தாலி கட்டும் படம் தேன்கூடு போல் மேடுபள்ளமான தாளில் இருக்கிறது.

முத்தியால்பேட்டை இருட்டறை | செவ்வாய், காலை 5.50

உள்பக்க மங்கல் நம் ஊரில் எல்லா ஸ்கேனருக்கும் வருவது. டார்ச் விளக்கைக் கண்ணாடிமீது சாய்வாக அடித்துப் பாருங்கள். பால் படிந்தது போலிருந்தால் ஸ்கேனில் கறுப்பு கறுப்பாக வராது. திறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கத்தை நீங்களே துடைக்கலாம். ஆனால் நீரைத் துணியில்தான் தெளிக்க வேண்டும், கண்ணாடிமேல் அன்று.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணமாகவே எடுங்கள். இதை யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். பழுப்பு ஏன் வந்தது? படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டு எடுத்த பிரிண்டை நல்ல நீரில் போதிய நேரம் அலசாவிட்டால் மிச்சமிருக்கும் ஹைப்போ, கறுப்பு வெள்ளைப் படத்தை உருவாக்கும் வெள்ளியை ஆண்டுக்கணக்கில் தின்று மஞ்சள் பழுப்பாக்கும். முகூர்த்த நாட்களில் ஒரே இரவில் இருநூறு பிரிண்ட் போட்ட காலத்தில் நாங்கள் அவசரமாக அலசியதன் பலனை இன்று நீங்கள் பார்க்கிறீர்கள். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பு ஒளியை விட்டுவிடும். எனவே வண்ணமாக எடுத்த கோப்பில் மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், நீலச் சேனலில் கறை கருமேகம் போல் கவிந்திருக்கும், சிவப்புச் சேனலில் ஏறத்தாழ காணாமலே போயிருக்கும். சிவப்புச் சேனலை மட்டும் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துக்கொண்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. சாம்பல் நிற முறையில் எடுத்திருந்தால் மூன்றும் கலந்து கறை நிரந்தரமாகிவிடும். நீல முத்திரைக்கு நேர் எதிர். அது சிவப்பில் கறுப்பாகவும் நீலத்தில் மங்கலாகவும் தெரியும். ஆகவே முத்திரை உள்ள மூலையை மட்டும் நீலச் சேனலிலிருந்து எடுத்து, வெளிச்சத்தைச் சமன்செய்து, சிவப்பின்மேல் ஒட்ட வேண்டும். என்னைக் கேட்டால் முத்திரையை அழிக்கவே வேண்டாம். படம் எங்கே எடுத்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

தேன்கூட்டுத் தாளில் ஒவ்வொரு மேடும் ஸ்கேனர் விளக்கைத் திருப்பி அடித்து வெள்ளைப் புள்ளியாகும். விளக்கு ஒரு பக்கத்திலிருந்தே வருவதால், படத்தை ஒருமுறை நேராகவும் மறுமுறை தலைகீழாகவும் வைத்து எடுத்து, இரண்டாவதைக் கணினியில் திருப்பி, முதலாவதன்மேல் சரியாகப் பொருத்தி, பாதி ஒளிபுகும்படி கலந்துவிட்டால் புள்ளிகள் வெகுவாக அடங்கும். பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்று கேட்க வேண்டும்: நெகட்டிவ் இருக்கிறதா? என் காலத்தில் கல்யாணக் கறுப்பு வெள்ளைக்கு யாஷிகா 635 போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் 120 பிலிம் போடுவோம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவில் இருக்கும் விவரம் எந்தப் பிரிண்டிலும் முழுதாக இறங்கியதில்லை. அதை எடுக்க மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும். அப்படிக் கிடைத்தால், அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதியைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். வண்ண நெகட்டிவில் உள்ள சாயம் அகச்சிவப்பை உள்ளே விடும், தூசி மட்டும் மறிக்கும். வெள்ளியோ தானும் மறிக்கும். மென்பொருள் அப்பாவின் மீசையையே தூசி என்று எண்ணித் துடைத்துவிடக்கூடும்.

லாஸ்பேட்டை நிழல் | செவ்வாய், காலை 8.15

ஐயா, பழைய ஸ்டூடியோ படங்களுக்கு இவ்வளவு மதிப்பு தரும் இடம் ஏதும் இருக்கிறதா, அல்லது நாமே செய்துகொண்டால்தான் உண்டா?

முத்தியால்பேட்டை இருட்டறை | செவ்வாய், காலை 8.40

நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது தம்பி. சேன் லூயி தெருவில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் படங்களே ஒன்றரை லட்சத்துக்கு மேல் உள்ளன. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களையும் அவர்கள் எண்ணிம வடிவில் பதிவு செய்திருக்கிறார்கள். குப்பை என்று நாங்கள் எடைக்குப் போட்டவற்றை நினைத்தால் வயிறு எரிகிறது.

முதுநகர் பேரன் | புதன், இரவு 9.00

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். என்னிடம் ஆல்பம் இல்லை. ஒரே ஒரு படம்தான். கடலூர் முதுநகரில் எங்கள் தாத்தா உப்பு மண்டிக்கு முன் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது. 2015 வெள்ளத்தின்போது வீட்டுக்குள் இடுப்பளவு நீர். படம் நனையவில்லை, ஆனால் அந்த ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. தாத்தாவின் தோளும் வலக்கன்னமும் கண்ணாடியில் பதிந்து ஈரத்திட்டு போல் தெரிகின்றன. பிரித்து எடுத்துத்தான் ஸ்கேன் செய்ய வேண்டுமா? கத்தியை நுழைத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

முத்தியால்பேட்டை இருட்டறை | புதன், இரவு 9.12

கத்தியைக் கீழே வையுங்கள். நாளை விவரமாக எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பம் மகள் | வியாழன், மாலை 6.40

நடுவே வருவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்ல வேண்டும். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்த பிறகு, சொன்னபடியே எல்லாத் திருத்தங்களையும் அணைத்து 600 டிபிஐயில் டிஃபாக எடுத்தேன். முதல் பார்வையில் ஏமாற்றம்தான். மங்கலாக, சிவப்பாக, ஆல்பத்தில் உள்ளது போலவே இருந்தது. சிவப்புச் சேனலின் மேடு நீங்கள் சொன்னது போலவே வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அப்பாவின் தலைமுடியைப் பார்த்தபடி முக்கோணத்தை நகர்த்தினேன். முடி கறுத்தபோது பின்னால் நின்ற வாழைமரமும் பச்சையானது. அதுவரை அது பழுப்பாகத்தான் இருந்தது. வேட்டியில் ஐந்து மடிப்புகளை எண்ண முடிகிறது.

கணினித் திரையை அம்மாவிடம் காட்டினேன். பீரோவிலிருந்து புடவையை எடுத்து வந்து சன்னலோரம் விரித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "கரை கொஞ்சம் கம்மிதான்" என்றார். பிறகு புடவை சரியா என்பதை மறந்து, இரண்டாம் வரிசையில் நிற்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். நான் பெயர்களைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். நெகட்டிவ் கிடைக்கவில்லை ஐயா. ஸ்டூடியோ மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அச்சு மை | வியாழன், இரவு 7.30

"கரை கொஞ்சம் கம்மி" என்று அவர் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னும் ஏற்றாதீர்கள். டிஃப் கோப்புகளை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். புயல் வரும் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு நகல் வைப்பது ஒரு நகலுக்குச் சமம்.

முத்தியால்பேட்டை இருட்டறை | வியாழன், இரவு 9.50

முதுநகர்த் தம்பிக்கு. பிரிண்டின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது ஊறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு கண்ணாடிதான் அதன் வீடு. இழுத்தால் தாத்தாவின் கன்னம் கண்ணாடியிலும் தாள் உங்கள் கையிலுமாக வரும். நீரில் ஊறவைத்துப் பிரிப்பதும் உண்டு. ஒரே பிரதி என்றால் நான் அதைத் தொட மாட்டேன். கண்ணாடியோடு சேர்த்தே எடுப்போம்.

எல்லா ஸ்கேனரும் இதற்கு ஆகாது. அச்சுப்பொறியோடு சேர்ந்து வரும் மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் என்ற உணரி இருக்கும். கண்ணாடிமேல் அப்பிக்கொண்டிருப்பதை மட்டும்தான் அது தெளிவாகப் பார்க்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே மங்கிவிடும். கனமான பழைய ஸ்கேனர்களில் உள்ள சிசிடி உணரிக்குச் சற்று ஆழம் தெரியும். உங்களுடையது எது என்று அறிய, ஓர் அளவுகோலின் ஒரு முனையைக் கண்ணாடியிலும் மறுமுனையை நான்கு நாணயங்களின் மேலும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள்; கோடுகள் எந்த இடம் வரை கூராகத் தெரிகின்றன என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். இரண்டு கண்ணாடிகள் ஒன்றையொன்று தொட்டால் வானவில் வளையங்கள் விழும் என்பதால், நான்கு மூலையிலும் மெல்லிய அட்டைத் துண்டு கொடுத்து உயர்த்த வேண்டும்.

ஒட்டிய இடத்துக்கும் ஒட்டாத இடத்துக்கும் கறுப்பின் அழுத்தம் வேறாகத்தான் பதிவாகும். அந்தத் திட்டை நகலில் டச்சிங் செய்துகொள்ளலாம், மூலத்தில் வேண்டாம்.

என்னிடம் பழைய சிசிடி ஸ்கேனர் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். சட்டத்தின் ஆணிகளை நீங்கள் கழற்ற வேண்டாம். படத்தை ஒரு பருத்தித் துணியில் சுற்றி, கண்ணாடி கீழேயும் பின்னட்டை மேலேயும் இருக்கும்படி படுக்கை வாட்டத்தில் எடுத்து வாருங்கள். பேருந்தில் வந்தால் மேலே பெட்டி வைக்கும் இடத்தில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.